பெயர் எழுதப்படாத படங்கள்

சென்ற தவணையில் எமது மேல்வகுப்பு மாணவர் 11 பேரிடம் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள பழைய நிழற்படம் ஒன்றைக் கொண்டுவந்து, அதில் இருப்பவர்களைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுத வேண்டும். கட்டுரைப் பயிற்சி என்ற எண்ணத்திலேயே அதனைத் தொடங்கினேன். அடுத்த சனிக்கிழமை மேசைமீது பரப்பப்பட்ட படங்களைக் கண்டதும் பாடம் வேறு திசையிற் சென்றுவிட்டது. பெரும்பாலானவை கலியாணப் படங்கள். மணமக்கள் யாரென எல்லோரும் அறிந்திருந்தனர். அருகில் நிற்பவர்களைச் சுட்டி வினவியபோது, "அம்மம்மாவின்ரை ஆக்கள், சேர்" என்ற ஒரே விடைதான் கிடைத்தது. பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தோம். வெறுமையாக இருந்தது.

அன்று தொடங்கி மூன்று வாரங்கள் நடந்த அப்பாடத்தைப் பெற்றோரும் அறியும்பொருட்டு இங்கே எழுதுகின்றேன்.

முதலிற் சொல்லைப் பார்த்தோம். நிழற்படம், புகைப்படம், ஒளிப்படம் என எம்மவர் பலவாறு வழங்குவர். 'போட்டோகிராபி' என்பது ஒளி, எழுதுதல் என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. ஆதலால் ஒளிப்படம் என்பதே மூலத்துக்கு அணித்தானது. ஆயினும் எனக்கு நிழற்படம் என்பதிலேயே விருப்பம். அது பொருந்தாத பெயருமன்று. வெள்ளி உப்புப் பூசிய படச்சுருளில் ஒளி பட்ட இடம், மருந்திற் கழுவும்போது கறுக்கின்றது. ஒளி படாத இடம் தெளிவாக நிற்கின்றது. அந்த எதிர்ப்படத்தினூடாகத் தாளின்மீது மீண்டும் ஒளியைப் பாய்ச்சும்போதே கருமையும் வெண்மையும் இடம்மாறி, நாம் அறிந்த முகம் வருகின்றது. அப்பப்பாவின் வெள்ளை வேட்டி முதலிற் கறுப்பாகவே இருந்தது என்றபோது மாணவர் சிரித்தனர்.

அடுத்து, படத்தை வாசிக்கும் முறை. ஒரு மாணவி கொண்டுவந்தது, யாழ்ப்பாண நகரத்து ஸ்ரூடியோ ஒன்றில் எடுத்த தம்பதியர் படம். பின்னாலே மாளிகைப் படிக்கட்டு, அதற்கப்பால் ஏரி, கரையில் எங்கள் ஊரில் முளைக்காத ஏதோவொரு மரம். எல்லாம் சீலையில் வரைந்தவை. அந்த ஏரியை வரைந்தவர் ஏரியொன்றைக் கண்டிருப்பாரோ என்னவோ, நீரில் மரத்தின் நிழலை மட்டும் மறவாது தீட்டியிருக்கின்றார். சீலையின் அடியோரம் சற்றே சுருண்டிருப்பதால், அதன்கீழ்ச் சீமெந்துத் தரை தெரிகின்றது. மாளிகையும் தரையும் சந்திக்கும் அந்த ஓர் அங்குலத்தை மாணவரே கண்டுபிடித்தனர். "ஏன் சேர் ஒருத்தரும் சிரிக்கேல்லை?" என்று ஒருவன் கேட்டான். அசைந்தாற் படம் கலங்கும் என்று அசையாதிருக்கச் சொல்வார்கள். அதற்கு மேலாக, படமெடுப்பது வாழ்நாளில் இரண்டொரு முறை நிகழும் காரியமாக இருந்தது. நினைத்தவுடன் கைத்தொலைபேசியை நீட்டும் பிள்ளைகளுக்கு அதனை விளக்கச் சிறிது நேரம் பிடித்தது.

கலியாணப் படமொன்று என்னை அதிக நேரம் நிறுத்தியது. மணமகனின் முதுகு மறைப்பதால் அவர் என்ன செய்கின்றார் என்பது தெரியவில்லை. மூலையில் இரு கலைஞர்கள். நாதஸ்வரம் வாசிப்பவரின் கன்னங்கள் உப்பியிருக்கின்றன. தவிற் கலைஞரின் விரற்கூடு அணிந்த வலக்கையும் கோல் பிடித்த இடக்கையும் வெறும் புகைபோலக் கலங்கியுள்ளன. கமராவின் கதவு திறந்து மூடுவதற்குள் அவை நகர்ந்துவிட்டன. அத்துணை விரைவு! பெண்கள் சிலரின் கைகள் அரிசி தூவ உயர்ந்திருக்கின்றன. ஆகவே இது கெட்டிமேளம்; தாலி ஏறும் கணம். கண்ணுக்கு மறைந்ததை இசை காட்டித் தந்தது. தவில் வாசிப்பவர் தெட்சணாமூர்த்தி என்று வீட்டிற் சொல்வார்களாம். அந்த மேதை 1975 இல் மறைந்தவர். எங்கள் பழைய கலியாணப் படங்களிற் பாதியில் அவரே இருப்பதாக உரிமையாளர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றேன்! உண்மையில் அங்கிருந்த கலைஞர் யார் என்பதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

இக்குறை எம்மவர்க்கு மட்டும் உரியதன்று. 1815 இல் கல்கத்தாவிற் பிறந்த ஜூலியா மாகரெட் கமரோன் என்னும் அம்மையார், 48 வயதில் மகளும் மருமகனும் பரிசளித்த கமராவுடன் இக்கலையில் இறங்கியவர். 1865 ஆம் ஆண்டிலேயே இலண்டன் அருங்காட்சியகம், இன்றைய விக்டோரியா அன்ட் அல்பேர்ட், அவருடைய படங்களைச் சேர்த்துக்கொண்டது. டார்வின், ஹேர்ஷல், ரெனிசன் ஆகியோரின் முகங்களை அவர் வழியாகவும் உலகம் அறிந்திருக்கின்றது. 1875 இல் கணவருடன் இலங்கைக்குச் சென்று, 1879 இல் மலையகத்தில் டிக்கோயாவிற் காலமானார். அங்கும் படம் எடுத்தார். களுத்துறையில் எடுத்த ஒரு படத்தில் முதியவர் ஒருவரும் சிறுமியும் உள்ளனர். சிறுமிக்கு வயது 12 என்றும், முதியவர் தமக்கு நூறு வயது என்று கூறியதாகவும் குறிப்பு உண்டு. பெயர்கள் இல்லை. டார்வினுக்குப் பெயர் உண்டு. அந்தச் சிறுமிக்கு இல்லை. கலைஞரின் கண் இருவரையும் ஒரே பரிவுடன்தான் பார்த்திருக்கின்றது. அதனாலேயே எனக்கு ஆற்றாமை கூடுகின்றது.

மாணவரிடம் குறை காண எனக்குத் தகுதி இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தைவிட்டு வெளியேறியபோது எனக்கு 17 வயது. கனமான அல்பத்தைக் கொண்டுசெல்ல இயலாது. அம்மா கறுப்புத் தாளிலிருந்து ஏழு படங்களைக் கழற்றி, எங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களுடன் பொலித்தீன் பையில் வைத்தார். அந்த ஏழும் இன்று என்னிடம் உள்ளன. ஆறு படங்களில் இருப்போரை அறிவேன். ஏழாவதில் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி கதிரையைப் பிடித்தபடி நிற்கின்றாள். அத்தனை படங்களுள் இதனையும் அம்மா ஏன் தெரிந்தெடுத்தார்? அவருடன் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தும் நான் கேட்கவில்லை. 2011 இல் அவர் காலமானார். ஊரில் நான் கற்பித்த பாடம் வரலாறு.

எனவே மூன்றாம் வாரம் எழுதக் கற்றோம். பெயரை மென்மையான பென்சிலால், படத்தின் பின்புறத்து ஓரத்தில், அழுத்தாது எழுத வேண்டும். போல்பொயின்ற் பேனை கூடாது. அதன் அழுத்தம் முன்பக்கத்து முகத்தில் வடுவாகத் தெரியும். ஒட்டுநாடாவும் ஆகாது, அதன் பசை காலப்போக்கிற் கறையாகும். முறைப்பெயரை மட்டும் எழுதுவதும் போதாது. அம்மா 'மாமா' என்று எழுதினால், அவர் பிள்ளைக்கு மாமா அல்லர். பேரப்பிள்ளைக்கு யாருமே அல்லர் போலாகிவிடும். எனவே முழுப் பெயர், தந்தை பெயர், ஊர், எழுதியவர் யார், எழுதிய ஆண்டு என்பன வேண்டும். கைத்தொலைபேசியிலுள்ள படங்களுக்குப் பின்புறம் இல்லை. அவற்றின் பெயர்களைக் கொப்பியில் எழுதுமாறு சொன்னேன்; சிலர் முகம் சுளித்தனர்.

ஸ்ரூடியோப் படம் கொண்டுவந்த மாணவி வட்டுக்கோட்டையிலுள்ள தன் அம்மம்மாவுக்குத் தொலைபேசியிற் படத்தைக் காட்டி, இருவர் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டு வந்தாள். பின்சீலை வரைந்தவர் பெயரையும் கேட்டாளாம். அது தெரியாது, ஆனால் அந்த ஸ்ரூடியோவில் வேலை செய்த ஒருவரின் மகன் அடுத்த ஒழுங்கையில் இருக்கின்றார், விசாரித்துச் சொல்கின்றேன் என்றாராம் அம்மம்மா. மாணவி கொப்பியில் அதற்கென ஒரு வரி விட்டு வைத்திருக்கின்றாள்.