துள்ளும் தெள்ளுப்பூச்சி

ஒரு முழத்தைவிடச் சற்றே நீண்ட உடல். நான்கு நைலான் தந்திகள். அரைக் கிலோவும் இராத எடை. பள்ளிப்பைக்குள் வைத்தால் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதுவே யுகுலேலே என்னும் இசைக்கருவி. கிதாரின் குட்டி என்று இதனைச் சொல்வோர் உளர். விளையாட்டுப் பொருள் என்று எண்ணுவோரும் உளர். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன்.

1879ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ‘ரேவன்ஸ்கிராக்’ என்னும் கப்பல், பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு துறைமுகத்தை அடைந்தது. போர்ச்சுக்கல் நாட்டுக்குரிய மதீராத் தீவிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ நான்கு மாதங்களைக் கடலில் கழித்த நானூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர். கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தவர்கள் அவர்கள். அதே நூற்றாண்டில் தமிழரும் இவ்வாறே கரும்பு வெட்டுவதற்காக மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் கப்பலேறினர் என்பதை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கலாம்.

அக்கப்பலில் வந்தவருள் மனுவேல் நூனெஸ், அகஸ்டோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்தோ சாந்தோ ஆகிய மூவரும் மரவேலை அறிந்தவர்கள். பின்னர் அவர்கள் ஹொனலூலுவில் பட்டறை வைத்தனர். மதீராவில் வாசிக்கப்பட்ட ‘மஷேட்’ என்னும் சிறு கருவியின் வடிவையும், ‘ரஜாவோ’ என்னும் மற்றொரு கருவியின் சுருதி முறையையும் இணைத்தனர். மரமோ ஹவாயில் வளரும் கோவா. நம் வேல மரத்துக்கு உறவு. கொண்டுவந்த நினைவும் வந்த இடத்து மரமும் கூடிப் பிறந்தது யுகுலேலே. மன்னர் கலாகவுவா அதனை அரண்மனை விழாக்களில் ஒலிக்கச் செய்தார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பின் அமெரிக்கா முழுவதும் அதன் புகழ் பரவியது.

பெயர் மட்டும் ஹவாய் மக்கள் சூட்டியது. அவர்கள் மொழியில் ‘உகு’ என்றால் தெள்ளுப்பூச்சி. ‘லேலே’ என்றால் துள்ளுதல். வாசிப்போரின் விரல்கள் தந்திகளின் மேல் துள்ளுவதைக் கண்டு இப்பெயர் வைத்தனர் என்பர். அந்நாட்டு அரசி லிலியுவோகலானியோ ‘இங்கு வந்த பரிசு’ என்று இதற்கு வேறு பொருள் கூறினார். எனக்கு அரசியின் விளக்கமே பிடிக்கும். ஆயினும் பாடத்தின் தலைப்பு என்று வரும்போது தெள்ளுப்பூச்சியை விட மனம் வரவில்லை.

மத்தியப் பிரதேசத்து ஜபல்பூரில் நான் பணிபுரிந்த காலத்தில், குடியிருப்பின் மாடியில் ஞாயிறு மாலைதோறும் ஐந்தாறு பேர் யுகுலேலேயுடன் கூடுவர். ஒருவர் வங்கி எழுத்தர். ஒருவர் கேரளத்துச் செவிலியர். ஒருவர் ரயில்வேயில் தச்சராக இருந்து ஓய்வு பெற்ற முதியவர். ஒருவரும் முறையாக இசை பயின்றவர் அல்லர். கற்றுக்குட்டிகளின் கூட்டம் என்று கேள்விப்பட்டதால்தான் நானும் துணிந்து சென்றேன்.

இக்கருவி கற்றுக்குட்டிகளிடம் மிகுந்த அன்புடையது. மோதிர விரலால் ஒரே ஒரு தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்தி நான்கு தந்திகளையும் வருடினால் ‘சி’ என்னும் சுரக்கூட்டு ஒலிக்கும். நடுவிரலால் வேறொரு தந்தியை இரண்டாம் மெட்டில் அழுத்தினால் ‘ஏ மைனர்’. இவற்றோடு ‘எஃப்’, ‘ஜி செவன்’ என்னும் இரண்டையும் கற்றால் நூற்றுக்கணக்கான பாடல்களுக்குத் துணை வாசிக்கலாம். ‘ஜி செவன்’ மூன்று விரல்களைக் கேட்கும். எனக்கு அது படிய ஒரு மாதம் ஆயிற்று. புதுத் தந்தி மாட்டினால் வேறொரு துன்பம். நைலான் நீண்டுகொண்டே இருப்பதால் சில நாள்கள் வரை சுருதி நில்லாது. பாட்டுக்குப் பாட்டு பிரடையைத் திருகுவோம், செவிலியர் சிரிப்பார்.

தச்சர் ஒரு நாள் தேயிலைப் பெட்டிப் பலகையைக் கொண்டு தாமே ஒரு யுகுலேலே செய்து வந்தார். பார்வைக்கு அழகாக இருந்தது. ஒலியோ வாசிக்க வாசிக்கப் பிழையாயிற்று. மெட்டுகள் அனைத்தையும் சம தூரத்தில் அறைந்திருந்தார். மெட்டுகள் அவ்வாறு அமைவதில்லை. தந்தியின் நீளத்தை ஏறத்தாழப் பதினெட்டாகப் பகுத்து, ஒரு பங்கு தள்ளி முதல் மெட்டு. எஞ்சிய நீளத்தை மீண்டும் பதினெட்டாகப் பகுத்து, ஒரு பங்கு தள்ளி இரண்டாம் மெட்டு. தந்தி 34 செ.மீ. என்றால் முதல் இடைவெளி 1.9 செ.மீ.; அடுத்தது 1.8 செ.மீ. இவ்வாறு குறுகிக்கொண்டே சென்று பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுவில் வந்து நிற்கும். அவர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி அறைந்தார்.

அக்கருவி என் மாணவி ஒருத்தியின் கைக்குச் சென்றது. அவள் ஜபல்பூரிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுதச் சொன்னால் தலைவலி வந்துவிடும். திருநெல்வேலியில் இருந்த அவளுடைய ஆச்சி தொலைபேசியில் ஒரு தாலாட்டு பாடுவார். அதனை யுகுலேலேயில் வாசிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம்.

கேட்டுப் பார்த்தோம். பாடல் ஐந்து சுரங்களுக்குள் அடங்கியது: ச, ரி, க, ப, த. அதாவது மோகனம், தமிழிசை அறிஞர்கள் முல்லைப்பண் என்று கூறுவது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். முகத்துக்கு அருகில் உள்ள தந்தியிலிருந்து எண்ணினால், யுகுலேலேயின் திறந்த தந்திகள் முறையே ப, ச, க, த என ஒலிக்கின்றன. தமிழ்ப் பெயர்களில் சொன்னால் இளி, குரல், கைக்கிளை, விளரி. எதையும் அழுத்தாமலே ஐந்தில் நான்கு சுரங்கள் கிடைத்துவிடுகின்றன! எஞ்சிய துத்தத்துக்கு, அதாவது ரி-க்கு, இரண்டாம் தந்தியை இரண்டாம் மெட்டில் அழுத்தினால் போதும். மேல் ச வேண்டுமானால் கடைசித் தந்தியின் மூன்றாம் மெட்டு. மதீராவிலிருந்து ஹவாய் சென்ற கருவிக்குள் முல்லைப்பண் கிடந்ததைக் கண்டு அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எவரும் திட்டமிட்டு வைத்ததன்று; ஆனாலும் மகிழ்ச்சி மகிழ்ச்சிதானே!

மூன்று வாரங்களில் அவள் வாசித்துவிட்டாள். ஓரிடம் மட்டும் ஆச்சியின் குரல்போல் இழையவில்லை. ரி-யிலிருந்து க-வுக்குச் செல்லும்போது தந்தியை மாற்றியதால் ஒலி அறுந்தது. விரலை எடுக்காமல் அதே தந்தியில் இரண்டாம் மெட்டிலிருந்து நான்காம் மெட்டுக்கு வழுக்கிச் செல்லுமாறு கூறினேன். குரல் இழைந்தது.

ஒரு ஞாயிறன்று எங்கள் அனைவர் முன்னிலையிலும் அவள் அதனைத் தொலைபேசியில் ஆச்சிக்கு வாசித்துக் காட்டினாள். மறுமுனையில் சிறிது நேரம் ஓசையே இல்லை. பிறகு ஆச்சி கேட்டார்: “ராகமெல்லாம் சரிதான்ட்டி. சொல்லு எங்க?”

அவளுக்குச் சொற்கள் தெரியா. இத்தனை ஆண்டுகள் கேட்டும் இசை மட்டுமே நினைவில் நின்றிருந்தது. யுகுலேலேயை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் என் பையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தேன். ஆச்சி ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவள் எழுதினாள். ‘ழ’வா ‘ள’வா என்று இருமுறை கேட்டாள். பதினாறு வரிகள் முடிய அரைமணி நேரம் ஆயிற்று. வங்கி எழுத்தருக்கும் செவிலியருக்கும் தச்சருக்கும் அதில் ஒரு வரியும் விளங்கவில்லை. ஆயினும் எழுந்து சென்றவர் எவரும் இலர்.

சொல்லும் பொருளும்

மெட்டு – சுரத்தின் இடம் காட்ட, தந்திக்கு அடியில் குறுக்கே பதிக்கப்படும் கம்பி
பிரடை – தந்தியை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் திருகாணி
சுருதி – பாடலுக்கும் கருவிக்கும் அடிப்படையாக அமையும் ஒலி
கற்றுக்குட்டி – அரைகுறையாகக் கற்றவர்

பயிற்சி

1. யுகுலேலே என்னும் பெயருக்கு வழங்கும் இரு விளக்கங்கள் யாவை? உமக்குப் பிடித்தது எது? ஏன்?
2. தச்சர் செய்த பிழை யாது? 34 செ.மீ. நீளமுள்ள தந்திக்கு மூன்றாம் இடைவெளியைக் கணக்கிடுக.
3. ச, ரி, க, ப, த ஆகியவற்றின் தமிழ்ப் பெயர்களை வரிசைப்படுத்தி எழுதுக.
4. “சொல்லு எங்க?” – இப்பேச்சு வழக்கை எழுத்து வழக்கில் மாற்றி எழுதுக.
5. உம் வீட்டுப் பெரியவர் பாடும் பாடல் ஒன்றைக் கேட்டு, அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதுக. பொருள் புரியாத சொற்களை அடிக்கோடிட்டு வகுப்புக்குக் கொண்டுவருக.