வெள்ளித் துகள்களும் மலை நீரும்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் அமைந்துள்ள சிற்றூர் திரிங்காப். தேயிலைத் தோட்டங்களும் காய்கறிப் பண்ணைகளும் நிறைந்த இப்பகுதியின் சரிவுகளில் வழியும் நீர் தெலோம் ஆற்றை நோக்கிச் செல்கிறது. தெலோம் ஆற்று நீரின் ஒரு பகுதி சுரங்கத்தின் வழியாகத் திருப்பப்பட்டு ரிங்லெட் நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. அங்கிருந்து மின்சார உற்பத்திக்குப் பயன்படுகிறது. ஆகவே, மேட்டில் உள்ள ஒரு வீட்டில் துணி துவைத்த நீர் அந்த வீட்டு வாய்க்காலோடு நின்றுவிடுவதில்லை. அந்நீர் கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள்களையும் சுமந்து செல்லக்கூடும்.

ஒரு மீட்டரை ஒரு பில்லியன் பகுதிகளாகப் பிரித்தால், அவற்றுள் ஒரு பகுதியே ஒரு நனோமீட்டர். 1 முதல் 100 நனோமீட்டர் வரை அளவுள்ள துகள்களை நனோ துகள்கள் என்பர். வெள்ளிக்குக் கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டு. அதை நனோ துகள்களாக்கினால் நீர்படும் பரப்பு பன்மடங்கு பெருகுவதால் அவ்வாற்றலும் கூடுகிறது. வியர்வை நாற்றத்தைத் தடுக்கும் காலுறைகளிலும் விளையாட்டு உடைகளிலும் வெள்ளி சேர்க்கப்படுவதற்கு இதுவே காரணம்.

2008-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய காலுறைகளை நீரில் அலசிச் சோதித்தனர். சில காலுறைகள் நான்கே அலசல்களில் தம்மிடமிருந்த வெள்ளியில் பெரும்பகுதியை இழந்தன.

நீரில் கலந்த துகள் நான்கு வகையில் மாறலாம். அது சிறிது சிறிதாகக் கரைந்து வெள்ளி அயனிகளை வெளியிடலாம். பிற துகள்களோடு ஒட்டித் திரளலாம். சேற்றோடு சேர்ந்து அடியில் படியலாம். கந்தகத்தோடு இணைந்து வெள்ளி சல்பைடாகலாம். வெள்ளி சல்பைடு எளிதில் கரையாது. அதன் நச்சுத்தன்மையும் குறைவு. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் பெரும்பாலான வெள்ளி இவ்வாறுதான் மாறுகிறது. சுத்திகரிக்கப்படாமல் நேரே ஓடையில் விழும் நீருக்கு அந்த வாய்ப்பு குறைவு.

வெள்ளி அயனிகள் மீனின் செவுள்களில் சோடியம் உள்ளே செல்வதைத் தடுக்கின்றன. உடலின் உப்புச் சமநிலை குலைவதால் மீன் நலிவடைகிறது. மீன்களுக்கு இரையாகும் நீர்த்தெள்ளு போன்ற சிற்றுயிர்கள் மிகக் குறைந்த அளவு வெள்ளியாலும் பாதிக்கப்படுகின்றன.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட 222-ஆம் எண் ஏரியில் 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வெள்ளி நனோ துகள்கள் சிறு அளவில் கலக்கப்பட்டன. அங்கு வாழ்ந்த மஞ்சள் பெர்ச் மீன்களின் எண்ணிக்கை குறைந்தது. அவை உட்கொண்ட இரையின் அளவும் குறைந்தது. துகள்களைக் கலப்பது நின்ற பிறகு, பெர்ச் மீன்களின் தசையில் இருந்த வெள்ளி விரைவாகக் குறைந்தது. ஆனால், அவற்றைத் தின்னும் பைக் மீன்களின் ஈரலில் அது நீண்ட காலம் தங்கியிருந்தது.

அப்படியானால், நனோ வெள்ளியை அறவே ஒதுக்கிவிட வேண்டுமா? சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் பிரதீப்பின் குழு வேறொரு வழியைக் காட்டியது. குடிநீரைத் தூய்மைப்படுத்த அக்குழு உருவாக்கிய வடிகட்டிப் பொருள் பற்றிய ஆய்வு 2013-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் வெள்ளித் துகள்கள், அலுமினியச் சேர்மமும் இறால் ஓட்டிலிருந்து பெறக்கூடிய கைட்டோசானும் கலந்த கூட்டுக்குள் சிறைப்படுத்தப்பட்டுள்ளன. லிட்டருக்கு ஏறத்தாழ 0.04 மில்லிகிராம் அயனிகள் மட்டுமே நீரில் கலந்து கிருமிகளைக் கொல்கின்றன. குடிநீரில் 0.1 மில்லிகிராம் வரை வெள்ளி இருப்பது உடலுக்குத் தீங்கன்று என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. காலுறையில் கட்டுப்பாடின்றிக் கழன்றோடும் அதே வெள்ளி, இங்கே கட்டுக்குள் நின்று உயிர் காக்கிறது.

கேமரன் மலையில் மண்ணரிப்பால் அடித்து வரப்படும் சேறு ரிங்லெட் நீர்த்தேக்கத்தின் கொள்ளளவைப் பெரிதும் குறைத்துள்ளது. சேற்றில் ஒட்டும் உலோகமும் அச்சேற்றோடே பயணம் செய்யும். ஆகவே, ஒரு பொருளை வாங்கும்முன் அது தரும் பயனை மட்டும் பார்த்தல் போதாது. பயன்படுத்திய பின் அது எங்கே போய்ச் சேரும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேட்டில் வாழ்வோரின் இந்தப் பொறுப்புணர்வே பள்ளத்தில் வாழும் மக்களையும் மீன்களையும் காக்கும்.