வாட்டசாட்டமானவர்களுக்கு முதல் பைக் எது?

"உங்க உடம்புக்கு 350 சிசி இல்லாமல் இழுக்காது" என்று சொல்பவர்கள் உண்டு. நம்பிவிட வேண்டாம். தலா 65 கிலோ உள்ள இருவரை ஏற்றிக்கொண்டு 150 சிசி வண்டிகள் நம் ஊரில் தினமும் ஓடுகின்றன. 110 கிலோ உள்ள ஒருவர் அந்தச் சுமைக்கும் குறைவுதான். புதிதாக ஓட்டுபவர் அதிகம் தடுமாறுவது யு-டர்ன் எடுக்கும்போதும், நெரிசலில் ஊர்ந்து போகும்போதும்தான். அங்கே சுமார் 195 கிலோ எடையுள்ள ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஒரு பக்கம் சாய்ந்தால், உடம்பில் பலம் இருந்தாலும் பழகாத கால் தாங்காது.

ஆகவே சிசியைவிடப் பொருத்தம்தான் முக்கியம். சீட்டில் உட்கார்ந்தால் இரு பாதங்களும் தரையில் பதிகின்றனவா, ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பினால் முழங்காலில் இடிக்கிறதா என்று பாருங்கள். "பின்பக்கம் அமுங்குமே?" என்பது நியாயமான கேள்வி. அதற்கு, பின்பக்க ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கை ஓரிரு படி இறுக்கி, கையேட்டில் சொன்ன அளவுக்கு டயரில் காற்று அடித்தாலே பெரும்பாலும் போதும். கையேட்டில் உள்ள மொத்த எடை வரம்பில் வண்டியின் எடையைக் கழித்தால், அது தாங்கும் சுமை தெரிந்துவிடும். பின்னால் அடிக்கடி ஆள் ஏற்றுவதாக இருந்தால் இருவர் எடையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வரம்பு மீறினால் மட்டும் அடுத்த வண்டியைப் பாருங்கள். மற்றபடி, 150 கிலோவுக்குள் எடையுள்ள 150–160 சிசி வண்டியே முதல் பைக்குக்குத் தாராளம்.