இலவசமும் கட்டற்றதும்: கிம்ப் என்னும் படமென்பொருள்

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்னும் ஒரே சொல் விலையின்மையையும் குறிக்கும், விடுதலையையும் குறிக்கும். தமிழிலோ இலவசம், கட்டற்றது என இரண்டிற்கும் தனித்தனிச் சொற்கள் உள. படங்களைத் திருத்தும் மென்பொருளைத் தேடும் மாணவர்க்கு இவ்வேறுபாடு பெரிதும் பயன் தரும்.

2004இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டமாகத் தோன்றியது பெயின்ட் டாட் நெட். விண்டோஸ் கணினியில் மட்டும் இயங்குவது. புதியவர்க்கு மிக எளியது. அதன் இணையதளத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. எனினும் தொடக்கத்தில் வெளியிடப்பெற்ற அதன் மூல நிரல் பின்னர் நிறுத்தப்பட்டது. ஆகவே அஃது இலவசம், கட்டற்றது அன்று.

கிம்ப் இரண்டும் ஆகும். அதனை நண்பர்க்குப் படியெடுத்துக் கொடுக்கவும், நிரலைத் திருத்தவும் உரிமம் இடந்தருகிறது. 1995இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பயின்ற ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் அதனைத் தொடங்கி, 1996இல் வெளியிட்டனர். சாளரங்களையும் பொத்தான்களையும் அமைக்க அவர்கள் முதலில் பயன்படுத்திய மோட்டிஃப் என்னும் கருவித்தொகுதி அக்காலத்தில் கட்டற்றதாக இல்லை. எனவே ஜி.டி.கே. என்னும் தொகுதியைத் தாமே எழுதினர். லினக்ஸ் கணினிகளில் பெரிதும் வழங்கும் க்னோம் முகப்பு பின்னர் அதன்மீதே எழுந்தது. பாடத்திட்டம் கேளாத உழைப்பு! கிம்ப் தன் படங்களைச் சேமிக்கும் எக்ஸ்.சி.எஃப். வடிவமும் அவ்வளாக மாணவர் கணினிக் குழுவின் பெயரையே தாங்கி நிற்கிறது.

கிம்ப் முதல் நாளிலேயே கைவரும் என்று நாம் கூறோம். 2012இல் வந்த 2.8ஆம் பதிப்பு முதல் ‘சேமி’ என்னும் கட்டளை எக்ஸ்.சி.எஃப். வடிவில் மட்டுமே சேமிக்கும். ஜேபெக் வேண்டுமாயின் ‘ஏற்றுமதி’ செய்தல் வேண்டும். இதனை இடையூறு என்பர் பலர். நாமோ இதனைக் காவல் எனக் கருதுகிறோம். ஜேபெக் கோப்பைத் திருத்திச் சேமிக்குந்தோறும் நுண்விவரம் சிறிது சிதையும், அடுக்குகளும் ஒன்றாகிவிடும். எக்ஸ்.சி.எஃப். வடிவில் இவ்விரண்டும் நிகழா.

அடுக்கு என்பது படத்தின்மேல் வைத்த கண்ணாடித் தாள் போன்றது. மங்கிய பழைய குழுப்படம் ஒன்றை ஸ்கேன் செய்து ஆண்டு மலருக்கு ஆயத்தம் செய்வதாகக் கொள்வோம். முதலில் அதன் அடுக்கை இரட்டித்து, மேலடுக்கில் மட்டும் பணிசெய்தல் வேண்டும். ஒளி நிலைகளைச் சரிசெய்யும் கட்டளை மங்கலைப் போக்கும். கீறல்களை மூடும் கருவி, அருகிலுள்ள பகுதியின் நிறத்தையும் இழையையும் எடுத்துப் பூசும். சுவருக்கும் வானத்துக்கும் இது போதும். முகத்தின் மேல் விழுந்த கிழிசலை அவ்வாறு நிரப்புதல் கூடாது. அங்கே கிடைப்பது மூத்தவர் முகம் அன்று, பக்கத்துப் புள்ளிகளின் கலவையே. ஐயம் எழுந்தால் மேலடுக்கின் கண் குறியை அழுத்தி மறைத்துப் பார்க்கலாம். கீழே மூலப்படம் அப்படியே இருக்கும்.

2025 மார்ச்சில் வெளிவந்த 3.0ஆம் பதிப்பில், இட்ட வடிகட்டி விளைவுகளைப் பின்னரும் மாற்றவோ நீக்கவோ இயலும்.