சிறு உபகாரமும் பெரும் பயனும்

அயலானுக்கு உபகாரம் செய்வது புண்ணியம் என்பதை நம் கிராமங்களில் அறியாதார் இல்லை. அவ்வுபகாரம் செய்தவனுக்கும் அவனுடைய ஊருக்கும் இவ்வுலகிலேயே பயன் தருவதாகும் என்பதற்கு, ஐக்கிய நாணய சங்கங்கள் தோன்றிய வரலாறே தக்க சான்றாகும்.

ஜெர்மனி தேசத்தில் வெஸ்டர்வால்ட் என்னும் வளங்குன்றிய மேட்டுநிலம் உண்டு. 1845-ஆம் ஆண்டில் அங்குள்ள வையர்புஷ் என்னும் ஊருக்கு ரைபீசன் என்பவர் மேயராக வந்தார். அப்போது அவர் முப்பது வயது நிரம்பாதவர். 1846-ல் விளைவு பொய்த்தது. அடுத்து வந்த குளிர்காலத்தில் பஞ்சம் மூண்டது. சர்க்கார் மாவு அனுப்பிற்று. ஆனால் ரொக்கம் கொடுப்பவர்க்கே அதை வழங்கவேண்டும் என்பது உத்தரவு. பசித்தவனிடம் ரொக்கம் ஏது? ரைபீசன் ஊரில் வசதியுள்ளோரைக் கூட்டி, அவரவரால் இயன்ற தொகையைச் சேர்த்து, ஏழைகளுக்குக் கடனாகவே உணவு கிடைக்கும்படி செய்தார். பொது அடுப்பு ஒன்று கட்டி, ரொட்டி சுட்டுக் குறைந்த விலைக்கு வழங்கினார்கள். பின்னர் விதையையும் சேர்ந்தே வாங்கினார்கள்.

1849-ல் பிளாமர்ஸ்பெல்டு என்னும் ஊரில், மாடு வாங்க லேவாதேவிக்காரரிடம் அகப்பட்டுத் தவித்த குடியானவர்களுக்காக அவர் ஒரு சகாய சங்கம் கண்டார். 1854-ல் ஹெட்டஸ்டார்பில் ஒரு தர்ம சங்கத்தை நிறுவினார். ஆயினும் செல்வரின் உற்சாகம் நாளடைவில் தளர்ந்தது. கொடுப்பவர் ஒரு சாரார், பெறுபவர் மற்றொரு சாரார் என்றிருக்கும் வரையில் சகாயம் நிலைக்காது என்று கண்டு, 1864-ல் கடன் பெறுவோரே அங்கத்தினராகச் சேரும் நாணய சங்கமாக அதை மாற்றி அமைத்தார்.

அச்சங்கங்களில் ஊரார் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு ஏற்றனர். நிர்வாகிகள் ஊதியமின்றி உழைத்தனர். சென்னை மாகாணத்தில் பிரெடெரிக் நிக்கல்சன் துரை 1895-ல் வெளியிட்ட அறிக்கையில் இம்முறையையே பரிந்துரைத்தார். 1904-ல் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில் சங்கம் ஏற்பட்டது.

இவ்வரலாற்றால் அங்கத்தினர் அறியவேண்டுவன:

1. உபகாரம் சிறிதாயினும் காலத்தில் செய்யப்படவேண்டும். உழவுப் பருவத்தில் ஒருவனுடைய எருது இறந்துவிட்டால், அயலான் தன் ஏரை இரண்டு நாள் இரவலாகத் தருவது பெரிய காரியமன்று. ஆனால் அதனால் நிலம் பதத்தில் உழப்படும், பயிர் விளையும், தவணை செலுத்தப்படும், ஜாமீன்தாரனுக்குத் தொல்லை நேராது. ஏர் தந்தவன் நாளை தானே கடன் கேட்கும்போது சங்கத்தில் பணம் இருக்கும்.

2. செலவில்லாத உபகாரங்கள் பல உண்டு. எழுத்தறியாத அங்கத்தினருக்கு ரசீதை வாசித்துக் காட்டுதல், மனு எழுதித் தருதல், தவணை நாளைப் பத்து நாள் முன்னதாக நினைவூட்டுதல், நோயாளியின் தொகையைக் கொண்டுபோய்க் கட்டி ரசீது பெற்றுத் தருதல் ஆகியவை அத்தகையன. கணக்குத் தெரிந்தவனுக்குச் சந்தேகம் நீங்கும். சந்தேகம் நீங்கிய ஊரில் கட்சிகள் வளரா.

3. தவணை தவறியவனைப் பலர் முன்னிலையில் இகழ்தலாகாது. வெட்கமுற்றவன் சங்கத்தின் பக்கம் வராமல் லேவாதேவிக்காரரிடம் ஒளிந்துகொள்வான். அதனால் இரு கடனும் தீராது. பஞ்சாயத்தாரில் ஒருவர் அவன் வீட்டிற்குச் சென்று காரணம் கேட்டால் வழி பிறக்கும்.

4. தாட்சணியம் உபகாரமாகாது. திருப்பிக் கட்ட இயலாதவனுக்குக் கடன் சிபாரிசு செய்வதும், தவணை செலுத்தாததைச் செலுத்தியதாக எழுதுவதும் அவனுக்கும் தீங்கு, மற்றவருக்கும் தீங்கு. வையர்புஷில் பஞ்சகாலத்து ரொட்டியும் கடனாகவே தரப்பட்டது. வாங்கியவன் பிச்சைக்காரன் ஆகவில்லை.

ரைபீசன் 1888-ல் காலமானார். கூட்டுறவு என்னும் கருத்தையும் வழக்கத்தையும் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு ஸ்தாபனம் 2016-ல் மானிட குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அடுத்த வீட்டானின் பசியைப் பொறாத சிலருடைய செய்கை அத்துணை தூரம் வளர்ந்தது.

அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்கத் தக்க வினாக்கள்:

அ. சென்ற ஆண்டில் தவணை தவறியவர்களுள், சிறு உதவியொன்று கிடைத்திருந்தால் தவறியிரார் என்று சொல்லத்தக்கவர் எத்தனை பேர்?

ஆ. எழுத்தறியாத அங்கத்தினர்க்குக் கணக்கை வாசித்துக் காட்டும் பொறுப்பை எவர் ஏற்பார்?

இ. உபகாரம் எங்கே முடிந்து தாட்சணியம் எங்கே தொடங்குகிறது?