அளவே மருந்து: டிஜிடாலிஸ் கற்பிக்கும் பாடம்

இருதயம் வலுக்குன்றினால் காலும் வயிறும் நீர் கோத்து வீங்கும், மூச்சுத் திணறும். இந்நோய்க்கு இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் மூதாட்டி ஒருவர் இருபதோ அதற்கு மேலோ மூலிகைகள் சேர்த்து மருந்து கொடுத்து வந்தார். 1775இல் அம்முறையை ஆராய்ந்த வில்லியம் விதரிங் என்னும் மருத்துவர், அவற்றுள் குணம் தருவது டிஜிடாலிஸ் செடியே எனத் தெளிந்தார்.

இலையின் வீரியம் பருவந்தோறும் மாறும். ஆதலின் பூக்கும் தறுவாயில் இலை பறித்து, உலர்த்திப் பொடித்து, நிறுத்துக் கொடுத்தார். குமட்டலோ நாடித் தளர்ச்சியோ கண்டால் நிறுத்துக என்றார். பலித்தவற்றோடு பலியாதவற்றையும் எழுதி 1785இல் நூலாக வெளியிட்டார்.

1930இல் சிட்னி ஸ்மித் என்பவர் அவ்வினத்து வேறொரு செடியின் இலையிலிருந்து டிகாக்ஸினைப் பிரித்தெடுத்தார். அஃது இருதயத் தசையின் சுருக்கத்தை வலுப்படுத்தும். மேலறைகள் தாறுமாறாய்த் துடிக்குங்கால் கீழறைகளின் வேகத்தைத் தணிக்கும். இருதயம் வலுக்குன்றிய 6,800 நோயாளரிடம் நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வில் இறப்பு குறையவில்லை; மருத்துவமனையில் சேர்வது குறைந்தது.

நம் வேலியோரத்து அரளியிலும் இதையொத்த நஞ்சு உண்டு. டிகாக்ஸின் மாத்திரையில் கால் மில்லிகிராம் போன்ற நுண்ணளவே இருக்கும். அரளி இலையிலும் கொட்டையிலும் உள்ளதை வீட்டில் நிறுப்பது எங்ஙனம்? ஆகவே அங்கத்தினர்களே, அரளியை மருந்தென அரைத்துப் பருகற்க. டிகாக்ஸின் உண்போர் அளவைத் தாமே கூட்டற்க. குமட்டல், மஞ்சட்பார்வை, நாடி மந்தம் தோன்றின் தாமதியாது மருத்துவரை நாடுக.