சாயத் தண்ணீர் திரும்பி வருமா?



பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, சாயம் ஏறி, பனியனாகக் கடைக்குப் போகிறது. இது ஒருவழிப் பாதை. பயன்படுத்தியதை வீசாமல் அதே தொழிலுக்குத் திருப்பிக் கொண்டுவந்தால் அதுதான் 'மூடிய சுற்று'. இதற்கு நம்ம திருப்பூரே பெரிய பாடம்.

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேருகிறது. பாசனத்துக்காக அதில் 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள். ஆனால் அங்கே சாயக்கழிவுதான் தேங்கியது. துணியில் சாயம் பிடிக்க உப்பு நிறையப் போடுவார்கள். அந்த உப்பு துணியில் தங்காது, தண்ணீரோடு வெளியே வந்துவிடும். எங்க அப்பத்தா தோட்டத்துக் கிணறும் உப்பாகிவிட்டது. "மாடு கூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும் கண்ணு" என்று சொல்லும்.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அப்போது அப்பாவுக்குச் சாயப்பட்டறையில்தான் வேலை. பல மாதம் வீட்டில் கஷ்டமாம். ஒரே வீட்டில் அப்பத்தாவுக்குக் கிணறு போச்சு, அப்பாவுக்கு வேலை போச்சு. யார் பக்கம் நியாயம்?

இரண்டையும் காப்பாற்றும் வழி இதுதான்:

1. கழிவுநீரை நுண்ணுயிர்களை விட்டுச் சுத்தம் செய்தல்.
2. ஆர்.ஓ. சவ்வு வழியே அழுத்தி நல்ல நீரைப் பிரித்தல்.
3. மிச்சமுள்ள உப்புநீரைக் காய்ச்சி உப்பை எடுத்தல்.

நீரும் உப்பும் மறுபடி சாயப்பட்டறைக்கே போகும். ஆற்றுக்கு ஒரு சொட்டும் விடக்கூடாது என்பது விதி.

ஆனால் சுற்று இன்னும் முழுசாக மூடவில்லை. காய்ச்சுவதற்கு எரிபொருள் நிறைய வேண்டும். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பு சாயத்துக்கு உதவாது. அதனால் உப்பைக் குறைத்துச் சாயம் ஏற்றுவது எப்படி, கலப்பு உப்பைப் பிரிப்பது எப்படி என்று ஆராய்கிறார்கள். பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்டைப் பஞ்சாக்கி மறுபடி நூல் நூற்கும் மில்களும் நம்ம பக்கம் உண்டு. ஆனால் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியைப் பிரிப்பது கஷ்டம். அதிலும் ஆராய்ச்சி நடக்கிறது.

இப்போது அப்பா கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறார். அப்பத்தா கிணறு மட்டும் இன்னும் உப்பாகத்தான் இருக்கிறது. வெளியே விட்ட உப்பைத் திரும்ப எடுக்க முடியாது. விடாமல் இருக்கத்தான் முடியும்.

சிந்திப்போம்! நொய்யலைக் காப்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி